நிறுத்தக் கூடாத கம்ப்யூட்டர்

நாலு மணிக்குக் கம்ப்யூட்டரை நிறுத்த எல்லோரிடமும் கையெழுத்து வாங்காவிட்டால், ஆபரேட்டர் சின்னப்பராஜின் வேலை போய்விடும். ஜவ்வாதுமலை ஆராய்ச்சி நிலையத்துக்கே அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். அதிலிருந்து ஒவ்வொரு விஞ்ஞானியின் அறைக்கும் ஒயர் போகிறது.

வேர்த்து விறுவிறுக்க டைரக்டர் அருணகிரியின் அறைக்குள் நுழைந்தான்.

“நாலு மணிக்கு மெட்ராஸ் மெக்கானிக் வர்றாருங்க. ஒரு மணி நேரம் நிறுத்திக்கிட்டா...”

“இன்னாய்யா வெளையாடறியா? என் ஆராய்ச்சி காலையிலேர்ந்து அதுல ஓடிக்கினு இருக்கு! ஒரு நிமிஷம் நின்னா மூணு மாச உழைப்பு போச்சு. உலகமே காத்துக்கினு இருக்குய்யா!”

அடுத்த அறையில் டாக்டர் அம்சவல்லி இன்னும் ஒரு படி மேலே போனார்.

“நேத்துலேர்ந்து கண்ணு கொட்டாம திரையைப் பார்த்துக்கினு இருக்கேன். நிறுத்தினே, அடுத்த பஸ்ஸுல நீ போளூருக்கு மூட்டை கட்டிடலாம்.”

அவர் மேசைத் திரைமேல் எம்பிராய்டரி உறை போர்த்தியிருந்தது.

சின்னப்பராஜ் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். “சரிங்கம்மா, ஓடட்டுங்க” என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

கம்ப்யூட்டர் அறை வாசலில், பெருக்குகிற பச்சையம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“இன்னாண்ணா சொன்னாங்க?”

“நிறுத்தவே கூடாதாம். நல்லா ஓடுதாம்.”

“எது, முந்தாநாள் நீ டீயைக் கொட்டி, கருகிப்போச்சே, அந்த மிஷினா?”

“அதேதான்.”