பாதி ஏற்றத்தில் ஒரு கெண்டைக்கால்

ஏற்றத்தில் பாதி ஏறியதும் மாமனார் நின்று, திரும்பி, என் காலைப் பார்த்தார்.

ஈஸ்டர் விடுமுறையில் அவர் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில்தான் என் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். காலில் மாட்டிய பனிச்சறுக்கு ஸ்கீ கட்டைகளை வாத்து நடப்பதுபோல விரித்து வைத்து ஏற வேண்டிய ஏற்றம். உடம்பின் பாரமெல்லாம் கெண்டைக்காலில் இறங்கும்.

நான் அம்மா என்று உட்காருவேன். மாமனார் ஹால்வார் முதுகுப்பையை இறக்கி, கலைமான் தோலைப் பனியில் விரித்து, அதில் சாவகாசமாக அமர்ந்து என் காலைத் திட்டத் தொடங்குவார்.

ஏற்றத்தில் வழுக்காமலிருக்க ஸ்கீக்கு மெழுகு போடத் தெரியவில்லை என்பார். நான் பிறந்த பெர்கன் நகரத்தை இழுப்பார். வருடமெல்லாம் மழை பெய்கிற ஊரில் வளர்ந்த கால் ஊறித்தான் போயிருக்கும் என்பார்.

மலைக்குடிலில் கூடும் சொந்தங்கள் யாரும் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கெண்டைக்கால் வந்தாச்சா என்றுதான் கேட்பார்கள். போன வருடம் என் மகளும் அப்படிக் கேட்டுவிட்டாள்.

இந்த வருடம் அந்தப் பெயரைத் தொலைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

கோடை முழுக்க மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை இறக்கி ஏற்றினேன். பல் தேய்க்கும்போது ஏற்றினேன். அலுவலகத்தில் காபி நிரம்பும்வரை ஏற்றினேன். கடைசியில் பிசியோதெரபிஸ்ட் பெண் என் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, தன் விரல்தான் வலிக்கிறது என்றாள்.

இதோ, பாதி ஏற்றம் வந்தாயிற்று. கால் கல் மாதிரி நின்றது.

மேலே உச்சியில் என் மனைவியும் மச்சான்களும் காபிக் கோப்பைகளோடு வரிசையாக நின்று, நான் உட்காரப்போவதை வேடிக்கை பார்க்கக் காத்திருந்தார்கள். உட்காராமல் அவர்கள் முன்னால் போய் நின்றால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

"என்ன மாப்ளே, காலு ஒண்ணும் சொல்லலையா?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"கொஞ்சங்கூடவா?"

கொஞ்சமும் இல்லை என்று சொல்லி, நின்ற இடத்திலேயே இரண்டு முறை எம்பிக் காட்டினேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது.

மாப்பிள்ளைக்குக் கால் சரியானதற்கு வருத்தப்படும் மாமனாரை அன்றுதான் பார்த்தேன்.

பிறகுதான் மற்றதையும் பார்த்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பனியில் ஊன்றியிருந்த இரண்டு கோல்களும் லேசாக நடுங்கின. வயது எழுபத்தாறு. இந்த ஏற்றத்தில் ஹால்வார் களைத்து நின்று யாரும் பார்த்ததில்லை என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை.

இதுவரை அவர் இங்கே நின்றதெல்லாம் என் காலுக்காக.

மேலிருந்து சின்ன மச்சான், கெண்டைக்கால் வருகிறதா, இல்லை ஆளை அனுப்பித் தூக்கி வரச் சொல்லட்டுமா என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிதான் அதிகம் சிரித்தாள்.

உச்சியைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். ஒரு கோடையையே தின்ற அந்த மாடிப்படியை நினைத்துக்கொண்டேன்.

பிறகு கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று பனியில் உட்கார்ந்தேன்.

மேலே கைதட்டினார்கள்.

மாமனார் பையை இறக்கிய வேகத்தை இதற்கு முன் நான் கண்டதில்லை. தோலை விரித்து அமர்ந்தார். முதலில் மூச்சு மட்டும் வாங்கினார். பிறகு மெழுகுக்கு வந்தார். பெர்கனுக்கு வந்தார். அவர் பேச்சில் பெர்கன் மழை பெய்யத் தொடங்கியபோது முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

பின்னால் மெதுவாக ஏறி வந்த மாமியார் போர்கில்ட் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். கால் எப்படியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்ததில் பெரிய சுளையை என் கையில் வைத்துவிட்டு, மாமனார் காதில் விழாத குரலில் சொன்னார்:

"நீ இந்த வீட்டுக்கு வர்ற வரைக்கும், இதே எடத்துல எனக்குத்தான் முட்டி வலிச்சுக்கிட்டிருந்துச்சு."