ஒரு சாண் கீழே

மனைவி இறந்த நான்காவது மாதம், அவர் அலமாரியிலிருந்து அந்தத் தாய்ச்சி உடற்பயிற்சிப் புத்தகத்தை எடுத்தார். ஆசை ஒன்றும் இல்லை. காலையில் ஒரு மணி நேரம் கழிய வேண்டுமே! மொட்டைமாடிச் சுவரில் அதை விரித்து வைத்து, கோட்டுப் படத்தில் நிற்கும் பெண்ணைப் பார்த்துப் பார்த்து அப்படியே கையைத் தூக்கினார், இறக்கினார்.

பத்தாம் நாள், மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பிசியோதெரபிஸ்ட் துணி உலர்த்த வந்தாள்.

"இடது கையை ஏன் சார் பாதியிலயே நிறுத்திடுறீங்க? வலிக்குதா?"

"இல்லம்மா. படத்துல அப்படித்தான் இருக்கு."

அவள் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். கை தூக்கும் நாற்பது படங்களிலும் வலது கை தோள் உயரத்தில் இருந்தது. இடது கை ஒரு சாண் கீழே.

"ரெண்டு கையும் சமமா வரணும்னு கீழே எழுதியிருக்கே!"

"அப்போ படம் தப்பா?"

"தப்பில்ல சார். யாரையோ நிக்க வச்சு, பார்த்த மாதிரியே வரைஞ்சிருக்காங்க. அந்தம்மாவுக்குத்தான் தோள்ல கடுமையான வலி இருந்திருக்கணும்."

"சொல்லியிருக்கலாமே."

"சிலர் வாயே திறக்க மாட்டாங்க. வரைஞ்சவராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவர் புத்தகத்தை வாங்கி மூடினார். அழுகை வரவில்லை, நான்கு மாதமாகவே வரவில்லை.

"கேட்கலம்மா," என்றார். "ரெண்டு வாரம் என் வீட்டுக்காரியை நிக்க வச்சு நான்தான் வரைஞ்சேன். ஆடாம நில்லு, ஆடாம நில்லுன்னு அதட்டிக்கிட்டே இருந்தேன்."