பட்டை கட்டிய ஆடு

பட்டிக் கதவின் சங்கிலியை மாட்ட மறந்தவன் நான்தான். பாடுபட்டு வளைத்த காட்டாடுகள் அத்தனையும் செம்புழுதி கிளப்பிக்கொண்டு குன்றேறுகின்றன. நிலத்தில் மிச்சமிருக்கும் பச்சையும் இனி அவற்றுக்குத்தான். வண்டியில் கட்டியிருக்கும் பெட்டையாடு, கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டிய எங்கள் பட்டைக்காரி, மட்டும் அந்தத் திசை பார்த்துக் கத்துகிறாள். அவிழ்த்துவிட்டால் எப்படியும் கூட்டத்தைத் தேடிச் சேர்ந்துவிடுவாள். பட்டை அனுப்பும் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பின்னால் போவோம். தனியே இருக்கத் தெரியாததுதான் அவளுடைய தகுதி. எனக்கும் அது உண்டு, பட்டைதான் இல்லை. "வேணும்னே தொறந்து விட்டியா, கிளைவ்?" ஆட்டின் கயிற்றை அவிழ்த்தபடி சிரிக்கிறாள் என்னோடு ஆடு பிடிக்கும் நோலா. ஆடுகள் தீர்ந்ததும் அடிலெய்டு போகப்போவதாகச் சொல்பவள். எப்போது என்று கேட்டால் கேலி பேசி நழுவுபவள். "அப்போ இன்னும் கொஞ்ச நாள் இருப்பேல்ல?" என்கிறேன். ஆடு திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறது. அந்தி வெயிலில் கழுத்துப் பட்டை ஒருமுறை மின்னுகிறது. நோலா சிரிப்பதை நிறுத்துகிறாள். "ஆடு கெடச்சாலும் கெடைக்காட்டியும் ஞாயித்துக்கிழம கெளம்புறேன், கிளைவ். எம்பொண்ணு அங்கதான இருக்கா."