நாளை முதல் விடுப்பு

ஜெசிந்தாவின் அலுவலக சாட்டில் ஒரு செய்தி வந்தது. 'தந்தையின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். நாளை முதல் ஐந்து நாள் விடுப்பு தரப்படுகிறது.'

பதறிப்போய்த் தூத்துக்குடிக்குப் போன் செய்தாள். அப்பாவே எடுத்தார்.

"ஒன் கம்பெனி இன்சூரன்ஸ்ல செக்கப் முடிச்சிட்டேம்மா. டாக்டர் ஒண்ணுமில்லன்னுட்டாரு. பஸ்ஸுக்கு நிக்கேன்."

அவருடன் பேசிக்கொண்டே, செய்தி தவறு என்று ஹெச்.ஆருக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது: "ஆஸ்பத்திரி சிஸ்டத்துலேர்ந்து நேரா சாட்டுக்கு வருது மேடம். இதுவரைக்கும் தப்பினதில்ல."

"பஸ் வந்துட்டும்மா, வைக்கட்டா?" என்றார் அப்பா.

திரையில் அந்தப் பழைய செய்தி தானாகவே திருந்தியது. 'நாளை முதல்' இருந்த இடத்தில் 'இன்று முதல்' என்று இருந்தது.

"ஏறாதீங்கப்பா," என்றாள்.

கண்டக்டரின் விசில்தான் கேட்டது.