சத்தமில்லாத தட்டு

தம்பியை அடையாளம் காட்ட வந்த அண்ணன் பிணவறைப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறார். தலைக்குமேல் ட்யூப்லைட் ஒன்று விட்டுவிட்டு எரிகிறது. பெட்டிக்குள் தட்டு ஓடும் பேரிங்குகள் அவர் வடிவமைத்தவைதான். பழைய தட்டை இழுத்தால் கடகடவென்று சத்தம் வருகிறது, உடலைப் பார்க்க வந்தவர்கள் பதறுகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால், எஃகுக் குண்டுகள் ஒன்றையொன்று உரசாமலிருக்க நடுநடுவே நைலான் துண்டுகளைச் செருகி, மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்தார். ஆள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றிச் சுண்டுவிரலால் இழுத்துக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது ஊழியர் கதவைத் திறக்க, குளிர் முகத்தில் அறைகிறது. "பாத்துடலாங்களா சார்?" "இருங்க... கொஞ்சம் இருங்க, மெதுவா..." "நான் எங்க சார் இழுக்குறேன்? தொட்டாலே வந்துடுது." தட்டு வந்துகொண்டே இருக்கிறது. துணிக்கு வெளியே ஒரு பாதம். கட்டைவிரலில் சைக்கிள் செயின் கடித்த பழைய தழும்பு. வேறு யாராவதாக இருக்கும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தவர், பழக்கதோஷத்தில் தலையைச் சாய்த்துத் தட்டுக்குக் காது கொடுக்கிறார். எங்காவது ஒரு குண்டு சிக்கித் தொலையாதா, முகம் வருவதற்குள் நின்றுவிடாதா. ஒன்றும் சிக்கவில்லை. அன்றைக்கு மணல் மூட்டை வந்த மாதிரியே, சத்தமில்லாமல், தம்பி வந்து நிற்கிறான்.