நமுத்துப் போன வரகு முறுக்கு

நாளைக் காலை சென்னையிலிருந்து சூப்பர் மார்க்கெட்காரர் சரக்கு பார்க்க வருகிறார். கவிப்பிரியாவின் வரகு முறுக்கோ பாக்கெட்டில் அடைத்த நாலாம் நாளே நமுத்துப் போகிறது. அந்தக் கவலையில் இருக்கும்போதுதான், வீணென்று அவள் வீசிய பாக்கெட்டுகளைப் பக்கத்து ஷெட் துலுக்காணம் இரண்டு வாரமாகப் பொறுக்கிப் போவது தெரிந்தது. அவரும் இதே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பலகாரக் கம்பெனிதான். பக்குவம் திருட்டுப் போனால் பிழைப்பே போச்சு!

நேரே போய் நின்றாள். "இன்னா நைனா, என் குப்பைத் தொட்டியில உங்களுக்கு இன்னா வேலை?"

"கோவப்படாத கண்ணு. உன் முறுக்கு தங்கம். கவருதான் காத்த உள்ள உடுது. சூடு காட்டி என் கவர்ல போட்டு பத்து நாளாச்சு, கடிச்சிப் பாரு."

கடித்தாள். மொறுமொறுவென்று உடைந்தது. "நான் உங்களுக்குப் போட்டியாச்சே?"

"ஒத்தக் கடைக்கு எவன் இவ்ளோ தூரம் வருவான்? நாலு கடை இருந்தாத்தான் சந்தை. நாளைக்கு என் கவர்லயே போட்டுக் காட்டு."

அவளுக்கு மூச்சு வந்தது. திரும்பியவளை அவர் நிறுத்தினார்.

"அது கெடக்கட்டும். என் தொட்டியிலேர்ந்து நீ தெனம் எடுத்துக்கினு போறியே தட்டை, அதுல இன்னா கொறன்னு கண்டுபுடிச்சியா?"

கவிப்பிரியாவின் தலை தானாகக் குனிந்தது.

"எண்ணெய்தான் சிக்கு வாடை அடிக்குது, நைனா."