கைதட்டக் கூடாத மாடம்

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

சட்டமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் கைதட்டக் கூடாது. எல்லோருக்கும் பொதுவான விதிதான். பெண் காவலர் அவளிடம் மட்டும் வந்து சொன்னார்.

“இந்தாப்பா, உங்க தட்டலையெல்லாம் வாசலோட நிறுத்திக்க.”

மாடம் நிறைந்திருந்தது. சுற்றுலா வந்த கல்லூரிப் பிள்ளைகள் சுவரோரம் நின்றே பார்த்தார்கள்.

அவளுக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி காலி. வலப்பக்கமும் காலி. பை வைத்துக்கொள்ள வசதி.

கீழே மசோதா வந்திருந்தது. திருநங்கைக்கு வேலை இல்லை, வாடகைக்கு வீடு இல்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது என்கிற மசோதா. பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தால் இந்நேரம் ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கும். இங்கே வருஷா வருஷம் ஃபெயில்.

முதல் தடவை அவளோடு லாரி நிறைய வந்தார்கள்.

போன தடவை ஒரே ஆட்டோவில் அடங்கினார்கள்.

இந்தத் தடவை அவள் பஸ்ஸில் வந்தாள்.

மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர் வயதானவர். காலி நாற்காலிகளுக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தார். நாற்காலிகள் குறுக்கிடாமல் கேட்டன.

ஓட்டெடுக்க ஆள் போதவில்லை. பேரவைத் தலைவர் மணி அடிக்கச் சொன்னார். அடித்தது. வெளியே தாழ்வாரத்தில் டீயும் வடையும்.

வடை ஜெயித்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தொடரின் கடைசி நாள். இன்று ஆள் சேராவிட்டால் மறுபடி அடுத்த வருஷம்.

கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். வேடிக்கை என்றால் ஓடி வருவார்கள். அது அவளுக்குப் பழக்கம்.

கைகளை வெளியே எடுத்தாள்.

அந்தத் தட்டலைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மின்சார ரயிலில் ஒருமுறை தட்டியதற்கு, பக்கத்துத் தண்டவாளத்தில் வந்த வண்டி நின்று வழிவிட்டதாம். துணிக்கடையில் சேர்ந்தபோது அவள் அதை விட்டாள். இரண்டாம் வாரம் கடை அவளை விட்டது. அப்புறமும் அவள் தட்டவில்லை.

விரல்கள் விரிய, உள்ளங்கை குறுக்கே விழ, ஒரே ஒரு தட்டு.

கூரைப் புறாக்கள் அத்தனையும் ராஜினாமா செய்தன.

தாழ்வாரம் மொத்தமும் உள்ளே வந்தது. கையில் டீ, வாயில் வடை, கண் மேலே. தலைவர் விரலை நீட்டித் தலைகளை எண்ணினார்.

போதும்.

“கதவைச் சாத்துங்க. ஓட்டெடுப்பு.”

மாடத்துக் கதவையும் சாத்தினார்கள். அதற்குள் பெண் காவலர் அவளைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோயிருந்தார்.

வாசலில் ஒரு நீள பெஞ்சு. அதில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

உள்ளே மேசைகளைத் தடதடவென்று தட்டினார்கள்.

“ஜெயிச்சா தட்டுவாங்களா, தோத்தா தட்டுவாங்களா?” என்றாள்.

காவலர் கதவுப் பக்கம் காதைச் சாய்த்தார். தட்டல் நிற்கவில்லை.

“ரெண்டுக்கும் தட்டுவாங்கக்கா.”

பெஞ்சு முழுக்கக் காலிதான்.

இருந்தும் அவள் இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.